திடீரெனப் பாயும் நாயிடமிருந்து தற்காத்துக்கொள்ளல்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணுவோரின் நாள் சூரியன் உதித்த பின் தொடங்குவதில்லை. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, ஏ-9 பெருந்தெருவை அடுத்துள்ள நாலந்தாக் கமக்காரருக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. முறைத் தண்ணீர் வரும் இரவில் மண்வெட்டியுடன் வரம்பு வழியே நடக்கவேண்டும். காட்டுப்பன்றிக்காகக் காவற்குடிலில் விழித்திருந்து, விடியுமுன் வீடு திரும்பவேண்டும். 1999 ஆம் ஆண்டில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின், மரக்கறி மூட்டையுடன் இருட்டிலேயே தெருவுக்கு வருவோரும் பலராயினர். ஊர் உறங்கும் அந்நேரமே நாய்கள் விழித்திருந்து தத்தம் எல்லையைக் காக்கும் நேரமுமாகும்.

இப்பிரசுரம் இரண்டு சிறு காலப்பகுதிகளைப் பற்றியது. நாய் பாயும் சில கணங்கள் ஒன்று. பல் பட்டுவிட்டால் அதனையடுத்து வரும் கால் மணித்தியாலம் மற்றொன்று. முதலாவதில் நிதானம் வேண்டும். இரண்டாவதில் தாமதியாமை வேண்டும். நடைமுறையிலோ பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். நாயைக் கண்டதும் பதறி ஓடுகின்றனர். கடிபட்ட பின்னரோ, வயல் வேலை முடியட்டும் என்று ஆறுதலாக இருந்துவிடுகின்றனர்.

நாய் எதனாற் பாய்கின்றது

கட்டாக்காலி நாயாயினும் வீட்டு நாயாயினும், காரணமின்றிப் பாய்வது அரிது. காரணம் நமக்குத் தெரியாதிருக்கலாம் என்பதே உண்மை. வேலியோரத்துப் பற்றையிலோ வைக்கோற் போரின் அடியிலோ குட்டி ஈன்ற பெட்டை நாய், அவ்வழியே வருவோர் எவரையும் பகைவராகவே கொள்ளும். உணவு உண்ணும் நாய், நீண்ட நேரம் சங்கிலியிற் கட்டுண்டு கிடந்து அப்போதுதான் அவிழ்த்துவிடப்பட்ட நாய், காயமுற்ற நாய், பெட்டையைப் பின்தொடரும் கூட்டத்தில் உள்ள கடுவன் ஆகியனவும் இவ்வகையின. உறங்கும் நாயை இருட்டில் மிதித்துவிட்டுக் கடிபட்டவர், நாயின் மேற் குறை கூறுவதிற் பயனில்லை.

கமக்காரர் வளர்க்கும் காவல் நாயைப் பற்றித் தனியே ஒரு சொல். பன்றியையும் குரங்கையும் துரத்துவதற்கென்று நாய் வளர்க்கின்றோம். துரத்துவதற்குப் பழக்கிய நாய், அயலார் தம் வயலுக்குச் செல்லும் பாதைக்கும் நம் தோட்டத்துக்கும் இடையே உள்ள எல்லையைத் தானாக அறிந்துகொள்ளாது. பொதுப்பாதையிற் செல்வோரை அது கடித்தால், இந்நாட்டில் நிலவும் உரோம டச்சுச் சட்டத்தின்கீழ் உரிமையாளரிடம் நட்டஈடு கோர இடமுண்டு. வழக்குப் பெரிதன்று. வாய்க்கால் நீரைப் பகிர்ந்துகொள்ளும் இரு குடும்பங்கள் ஒரு நாயினாற் பேச்சற்றுப் போவதே பெரிது.

பாயுமுன் நாய் பெரும்பாலும் அறிவித்தல் கொடுக்கும். உடல் விறைக்கும், பிடரி மயிர் சிலிர்க்கும், மேலுதடு சுருங்கிப் பல் தெரியும், கண் நம்மை விட்டு அகலாது. வால் ஆடுகின்றது என்று நம்பிவிடலாகாது. உடல் முழுதும் நெளிய, வால் தாழ்ந்து அகலமாக ஆடுவது நட்பின் அடையாளம். வால் உயர்ந்து விறைத்துச் சிறிதாகத் துடிப்பது அதற்கு நேர் எதிரானது. தொலைவில் நின்று ஓயாது குரைக்கும் நாயைவிட, குரைப்பை நிறுத்தித் தலையைத் தாழ்த்தி நேராக வரும் நாயே கவனிக்கத்தக்கது.

ஓடலாகாது

சாதாரண நாட்டு நாய் ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் ஓடவல்லது. சேறு வழுக்கும் வரம்பின்மீது, சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் மனிதன் அதனை வெல்வது நடவாத காரியம். அத்துடன், ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. வெறுமனே அதட்டி அனுப்ப எண்ணியிருந்த நாயும் நாம் முதுகு காட்டியவுடன் பிடிக்க வரும். ஆகவே எவ்வளவு அச்சமிருப்பினும், நின்ற இடத்தில் நிற்பதே முதற் காரியம்.

நிற்பதிலும் ஒரு முறையுண்டு. நாய்க்கு நேரெதிராக மார்பைக் காட்டாது, சிறிது பக்கவாட்டாகத் திரும்பி நிற்கவேண்டும். கைகளை வீசாது உடலோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். நாயின் கண்ணை உற்றுநோக்குவது அதற்குப் போர் அழைப்பாகும். ஆதலால் அதன் கால்களையோ அதன் பக்கத்து நிலத்தையோ பார்த்தவாறு, அது எங்கே நிற்கின்றது என்பதை மட்டும் அறிந்துகொண்டிருத்தல் போதும். கூச்சலிடுவது அதன் வெறியைக் கூட்டும். ஒருமுறை, தாழ்ந்த கனத்த குரலில், உறுதியாக அதட்டலாம். சிங்களத்தில் அதட்டினாலும் தமிழில் அதட்டினாலும் நாய் கேட்பது சொல்லையன்று, குரலிலுள்ள நடுக்கமின்மையையே.

இவ்வாறு நிற்கும்போது பல நாய்கள் சற்று மோப்பம் பிடித்துவிட்டோ, சுற்றி வந்து குரைத்துவிட்டோ விலகிவிடும். அது விலகத் தொடங்கிய பின்னரே நாமும் முகத்தைத் திருப்பாமல், ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கவேண்டும். மரம், வேலி, வண்டி, படலை என ஏதேனும் ஒன்று நமக்கும் நாய்க்கும் நடுவில் வருமாறு நகர்தல் நன்று. பல நாய்கள் சேர்ந்து வந்தால், அவை நம்மைச் சூழ்ந்து பின்புறம் வாராதபடி, சுவரையோ பெருமரத்தையோ முதுகுக்கு அணையாகக் கொள்ளவேண்டும்.

கல் எடுப்பதுபோற் குனிந்தால் நாய் ஓடும் என்பது நம் நாட்டில் அனைவரும் அறிந்த உபாயம். கல்லடி பட்டுப் பழகிய தெரு நாய்களிடம் அது பலிக்கின்றது என்பதும் மெய்யே. ஆயினும் நாய் பத்துப் பதினைந்து முழத்துக்கு அப்பால் நிற்கும்போது மட்டுமே அது பொருந்தும். பாய்ந்து வரும் நாயின் முன்னே குனிந்தால், காலிற் படவேண்டிய பல் முகத்திற் படும். அருகே வந்த நாய்க்குக் கல்லெறிவதும் அறிவுடைமையாகாது. தவறிய கல் அதனை மேலும் கோபமூட்டுகின்றது, கை வெறுங்கையாகின்றது.

கையிலுள்ளதே கேடயம்

கமக்காரரின் கை வெறுமையாக இருப்பது அபூர்வம். அது அவருக்குள்ள பெரும் வாய்ப்பாகும். மண்வெட்டி இருந்தால் அதனை ஓங்கவேண்டாம். ஓங்கும்போது இரு கைகளும் உயர்ந்து வயிறும் தொடையும் திறந்துவிடுகின்றன. வீச்சுத் தவறினால் மறுவீச்சுக்கு நேரமிராது. பிடியை இரு கைகளாலும் பற்றி, தகட்டை நாயின் முகத்துக்கு நேரே தாழ்த்தி நீட்டியவாறு வைத்துக்கொண்டால், நாய் எப்பக்கம் வந்தாலும் இரும்பையே சந்திக்கும். நீண்ட தடியையும் இவ்வாறே அடிப்பதற்கன்றித் தடுப்பதற்காகப் பயன்படுத்தல் வேண்டும். மடித்த குடையை நாயின் முன்னே சடுதியாக விரித்தால் அது திகைத்து நிற்பதுண்டு.

நாய் பாய்ந்தே விட்டதாயின், அதற்குக் கடிக்க ஒரு பொருளைக் கொடுத்துவிடுவதே சிறந்த வழி. மரக்கறிக் கூடை, பசளைச் சாக்கு, தோளிலுள்ள துவாய், கழற்றிய மேற்சட்டை எதுவாயினும் நன்று. கூடையைக் கேடயம்போல் முன்னே பிடிக்கவேண்டும். சாக்கையோ துவாயையோ இடது முன்கையிற் பலமுறை சுற்றி அக்கையை முன்னே கொடுத்தால், பல் துணியிற் புதையும். ஒன்றைப் பற்றிக்கொண்ட நாய் அதனை விடாதிருக்கும்வரை வேறொன்றைக் கடிக்கமாட்டாது. அந்நேரத்திற் பிறர் உதவிக்கு வரக்கூடும்.

துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் நாய் துரத்தும்போது மேலும் விரைந்து மிதிப்பதே வழக்கம். இறக்கமான பாதையில் அது ஒருகால் பலிக்கலாம். மூட்டை ஏற்றிய வண்டியிற் பலியாது. கால் உதைத்துச் சமநிலை தவறி விழுபவருக்கு நாய்க்கடியைவிட எலும்பு முறிவே முதலில் நேர்கின்றது. வேகத்தைக் குறைத்து, நாய்க்கு எதிர்ப்பக்கமாக இறங்கி, வண்டியை நடுவில் வைத்துத் தள்ளிச் செல்லவேண்டும். சுழலும் சில்லும் அசையும் காலும் நின்றவுடன் நாயின் துரத்தலும் பெரும்பாலும் நின்றுவிடும்.

கீழே விழுந்துவிட்டால் எழுந்து ஓட முயலவேண்டாம். முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகத்தை நிலத்தை நோக்கித் தாழ்த்தி, விரல்களைக் கோத்த கைகளாற் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொண்டு பந்துபோலச் சுருண்டு அசையாது கிடத்தல் வேண்டும். கழுத்தும் முகமும் காக்கப்பட்டால் உயிராபத்துப் பெரிதும் குறையும். பல் தசையிற் பதிந்திருக்கும்போது கையை வெடுக்கென இழுத்தால், துளையாக இருக்கவேண்டிய காயம் கிழிந்த காயமாகிவிடும். நாயின் பிடி தளரும்வரை இழுக்காதிருக்க முயலுங்கள். சொல்வது எளிது என்பதை அறிவோம். ஆயினும் முன்னரே மனத்திற் பதித்துவைத்தவருக்கு அக்கணத்தில் அது நினைவுக்கு வருவதுண்டு.

சிறுவர்களுக்கு இதனை விளையாட்டாகவே கற்பிக்கலாம். நாய் வந்தால் மரம்போல நில்; விழுந்தால் கல்போலக் கிட. வளர்ந்தோரின் காலைக் கடிக்கும் நாய், உயரங் குறைந்த குழந்தையின் முகத்தையே எட்டுகின்றது. வயலில் வேலை செய்யும் தாய்மார் குழந்தைகளை வரப்போரத்து மரநிழலில் விட்டுச் செல்லும்போது இதனை எண்ணுதல் வேண்டும்.

விசர்கொண்ட நாய்

மேலே கூறியன யாவும் சுகமுள்ள நாய்க்கே பொருந்தும். விசர்நோய் கொண்ட நாய் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. அது குரைத்து அறிவிக்காமலே வரும். அசையாது நிற்பவரையும் கடிக்கும். தடியையும் கல்லையும் மரத்தையும் கடிக்கும். குரல் மாறிக் கரகரப்பாக ஊளையிடுதல், வாயிலிருந்து எச்சில் ஒழுகுதல், தள்ளாடி நடத்தல், வளர்த்தவரையே அறியாமை ஆகியன அதன் குறிகள். அத்தகைய நாயைத் தொலைவிற் கண்டால், நிற்பதை விடுத்து, மெதுவாக விலகி, வீட்டினுள்ளோ வண்டியினுள்ளோ உயர்ந்த இடத்திலோ சேர்ந்துகொண்டு அயலாரையும் எச்சரிக்கவேண்டும்.

இந்நோயின் இன்னொரு வடிவம் இதனினும் வஞ்சகமானது. நாய் எவரையும் துரத்தாது. மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்கமுடியாது எச்சில் வடிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று இரக்கங்கொண்டு வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கும் உரிமையாளர், கடிபடாமலே நோயை ஏற்றுக்கொள்கின்றார். கமக்காரரின் கையிற் கீறலும் வெடிப்பும் இல்லாத நாள் ஏது? அவ்வெடிப்பினூடே எச்சில் புகுந்தாற் போதும். ஊமை விசர் எனத்தக்க இவ்வடிவத்தைக் கண்டால் நாயைத் தொடாது மிருக வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். நாய் மட்டுமன்றிப் பூனை, கீரி, நரி, மரநாய் ஆகியவற்றிலும் இந்நோய் உண்டாகும். பகலில் அச்சமின்றி மனிதரை அணுகும் கீரியை வேடிக்கை பார்க்கலாகாது.

கடிபட்ட கால் மணித்தியாலம்

விசர்நோயின் கிருமி எச்சிலுடன் காயத்திற் புகுந்து, நரம்பின் வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை எந்தக் குறியும் தோன்றாது. கழுத்திலும் தலையிலும் கையிலும் பட்ட கடியானால் மேலும் விரைவாகத் தோன்றலாம். நீரைக் கண்டால் தொண்டை இறுகும் நீர்வெறுப்பு நிலை தோன்றியபின், உலகில் எங்கும் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. எனவே கடிபட்ட நாளன்று உடல் நலமாக இருப்பது எதற்கும் சான்றாகாது.

அக்கிருமியின் ஒரு பலவீனம் நமக்கு உதவுகின்றது. அதனைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புறை சவர்க்காரத்தில் கரைந்துவிடும். உறை கரைந்தாற் கிருமி அழியும். ஆதலால் எங்கே நிற்கின்றீர்களோ அங்கேயே, ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் காயத்தை முழுமையாக 15 நிமிடங்கள் கழுவவேண்டும். இது கடிகாரம் பார்த்துக் கழுவவேண்டிய 15 நிமிடங்கள். இரண்டு செம்பு நீர் ஊற்றுவது கழுவலாகாது. குழாய்நீரோ கிணற்று நீரோ கிடைத்தால் நன்று. இல்லையேல் சுத்தமான எந்த நீரும் தகும்; நல்ல நீரைத் தேடிப் போகும் நேரத்தைவிட உடனே கழுவும் நேரம் மேலானது. காவற்குடிலில் தேநீர்ப் பாத்திரத்தின் அருகே ஒரு துண்டுச் சவர்க்காரமும் இருத்தல் வேண்டும் என்பது எமது ஆலோசனை. கழுவிய பின் கிருமிகொல்லி மருந்திருந்தால் பூசலாம்.

மிளகாய்த்தூள், மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் அப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இவை கிருமியை அழிப்பதில்லை. காயத்தைப் புண்ணாக்கி, வைத்தியர் பார்க்கவேண்டிய இடத்தையும் மறைத்துவிடுகின்றன. காயத்தை இறுகக் கட்டவும் வேண்டாம். தைக்க வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

கழுவி முடிந்ததும் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாலந்தாவிலிருந்து தெற்கே மாத்தளையிலும் வடக்கே தம்புள்ளையிலும் பெரிய அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசமாக ஏற்றப்படுகின்றது. கடுமையான காயமாயின், அதனுடன் நோயெதிர்ப்பு மருந்தும் காயத்தைச் சுற்றி ஏற்றப்படும். ஏற்புவலித் தடுப்பூசியும் தேவைப்படலாம். நகக்கீறலையும், புண்ணில் நாய் நக்கியதையும் சிறிதென்று எண்ணாது வைத்தியரிடம் கூறுங்கள்.

வயிற்றில் நாள்தோறும் ஏற்றிய பழைய ஊசிகளைப் பற்றிய அச்சம் சில முதியோரை இன்றும் வைத்தியசாலைக்கு வரவிடாது தடுக்கின்றது. ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்து இந்நாட்டிற் கைவிடப்பட்டுவிட்டது. இப்போதைய ஊசி கையில் ஏற்றப்படுவது, தடவைகளும் சில. முதற் தடவையுடன் நின்றுவிடாது, குறித்த நாட்களில் எல்லாத் தடவைகளுக்கும் செல்லவேண்டும். நாற்று நடும் வாரமாயிற்றே என்று மூன்றாம் தடவையைத் தவறவிடுதல், வரம்பைக் கட்டிவிட்டு வாய்மடையைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது.

கடிபட்ட பின் ஏற்றும் ஊசி எவ்வாறு பயன்படும் என ஐயுறுவோர் உளர். கிருமி நரம்பிற் செல்லும் பயணம் மெதுவானது. ஊசியால் உடலில் உண்டாகும் எதிர்ப்பு அதனை முந்திவிடுகின்றது. பிரான்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர், 1885 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆந் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மெயிஸ்டருக்கு இம்முறையிற் சிகிச்சை தொடங்கினார். சிறுவன் பிழைத்தான். இலங்கையில் 1893 ஆம் ஆண்டிலேயே விசர்நோய்க் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 1973 ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் 377 பேர் இறந்தனர். 1975 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் தடுப்புத் திட்டத்தின் பயனாக, அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது முப்பதாகக் குறைந்துள்ளது. ஊசி இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் அந்த இருபது முப்பதும் நிகழவேண்டியவை அல்ல.

கடித்த நாயை என் செய்வது

ஆத்திரத்தில் அதனை அடித்துக் கொல்லவேண்டாம். உயிருடனுள்ள நாயே சிறந்த சாட்சி. விசர்கொண்ட நாயின் எச்சிலில் நோய்க்குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே கிருமி காணப்படும். குறி தோன்றியபின் அது சில நாட்களில் இறந்துவிடும். ஆகவே கடித்த நாளிலிருந்து 14 நாட்கள் வரை நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலிற் கிருமி இல்லை என்று கொள்ளலாம். உரிமையாளர் எவரெனக் கேட்டறிந்து, நாயைக் கட்டிவைத்து உணவும் நீரும் கொடுத்துக் கவனிக்கச் செய்யுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்பதையும் கேட்டு வைத்தியரிடம் கூறுங்கள். ஆயினும் 14 நாட்கள் முடியட்டும் என்று வைத்தியசாலைக்குப் போகாது வீட்டிலிருக்கலாகாது. ஊசியை எப்பொழுது தொடங்குவது என்று தீர்மானிப்பவர் வைத்தியரே.

இடையில் நாய் இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், புதைத்துவிடவும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவித்தால், அதன் தலையைப் பனிக்கட்டியிற் பொதிந்து பரிசோதனைக்கு அனுப்பும் வழியை அவர் கூறுவார். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இப்பரிசோதனை செய்யப்படுகின்றது.

கால்நடை கடிபட்டால்

பட்டியில் நிற்கும் பசுவையும் எருமையையும் விசர்நாய் கடிப்பதுண்டு. இரவில் நடப்பதால் உரிமையாளர் அறியாதிருக்கக்கூடும். கடித்ததைக் கண்டால் காயத்தைச் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி, மிருக வைத்தியரை அழைக்கவேண்டும். கழுவும்போது கைக்குப் பொலித்தீன் உறையேனும் இட்டுக்கொள்ளுங்கள். வாரங்கள் சில சென்றபின் மாடு இரை எடுக்காது, ஓயாது கதறி, எச்சில் ஒழுக்கி, பின்னங்கால் தள்ளாடினால், தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டதென்று கருதி வாய்க்குள் கைவிடலாகாது. மருந்தைப் புகட்ட முனைவோரும் இவ்வாறே ஆபத்துக்குள்ளாகின்றனர். அம்மாட்டைத் தனியே கட்டி, ஏனைய மாடுகளையும் பிள்ளைகளையும் அணுகவிடாது தடுத்துவையுங்கள். அதன் பாலையும் இறைச்சியையும் எவருக்கும் கொடுத்தலாகாது. அதன் எச்சில் பட்டவர்களும், பாலைக் காய்ச்சாது அருந்தியவர்களும் இருப்பின், அவர்கள் அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் சென்று நடந்ததைத் தெரிவித்தல் வேண்டும்.